கிரிக்கெட் 07: ரசிகர்கள் கைவிடாத ஒரு கணினி விளையாட்டு

2006 நவம்பரில் ஈஏ ஸ்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 'கிரிக்கெட் 07' என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கிக் கொடுத்தது கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் உள்ள எச்பி ஸ்டூடியோஸ். வர்ணனைக்கு ரிச்சி பெனோ, மார்க் நிக்கலஸ் குரல்கள். அதன் பிறகு ஈஏ நிறுவனம் கணினிக்குக் கிரிக்கெட் விளையாட்டே கொண்டுவரவில்லை. கடையை மூடிக்கொண்டு போய்விட்டது என்றே சொல்லலாம். ஆனால் அந்த விளையாட்டு மட்டும் சாகவில்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்தும் புதுச் சட்டை, புது ஆட்டக்காரர், புது மைதானம் என்று ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள். சம்பளம் வாங்கியவர் யாரும் அதைச் செய்யவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை என்று பல ஊர்களில் பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்த பையன்கள் செய்தார்கள். நம் நெய்வேலி நகரியத்திலும் ஒருவன் இருந்தான்.

எனக்கும் கிரிக்கெட்டுக்கும் தூரம் அதிகம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கால்பந்து உண்டு, மாலையில் பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி ஆடும் 'பூல்' உண்டு, கிரிக்கெட் கிடையாது. அப்படிப் படித்தவன் தமிழ்நாடு அரசு அலுவலகத்தில் எழுத்தராக வந்து உட்கார்ந்தது தனிக் கதை. அலுவலகத்தில் சென்னை வானொலியின் தமிழ் வர்ணனை ஓடும்போதெல்லாம் அப்துல் ஜப்பாரின் தமிழுக்காகக் காது கொடுத்தேனே தவிர, ஆட்டத்துக்காக அல்ல. ஆகவே இந்தக் கட்டுரையில் ஆட்ட நுணுக்கத்தை யாரும் தேட வேண்டாம். பதிவேடு எழுதிப் பிழைத்தவனின் பார்வை இது.

பணி ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது எதிர்க் குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பம். தகப்பனாருக்கு முதல் சுரங்கத்தில் வேலை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். பையன் பதினொன்றாம் வகுப்பு. 2009-ஆம் ஆண்டு என்று நினைவு. தகப்பனார் ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், இவன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்கான். விளையாடுறானான்னு பாத்தா விளையாடவும் இல்ல. ஏதோ பேரு அடிச்சுக்கிட்டே இருக்கான். நீங்க ஆபீஸ்ல இருந்தவங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பையன் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் மரியாதையும் வந்தது. கிரிக்கெட் 07-ல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற அணிகளுக்குத்தான் உரிமம் வாங்கியிருந்தார்களாம். உரிமம் வாங்காத அணிகளின் ஆட்டக்காரர்களுக்கு உண்மைப் பெயர் போட முடியாது. அதனால் இந்திய ஆட்டக்காரர்களின் பெயரில் ஓரெழுத்து ஈரெழுத்தை மாற்றிப் போட்டிருந்தார்கள். யார் என்று தெரியும். ஆனால் அவர் பெயர் அல்ல. "அதத்தான் தாத்தா திருத்துறேன்" என்றான்.

பெயரில் எழுத்து மாறுவது என்ன பாடு என்று புதுச்சேரிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் பிறப்புப் பதிவேட்டில் 'மு' என்ற ஓசைக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து சேர்த்து எழுதுவார்கள். முருகன் என்ற பெயர் அந்தப் பதிவேட்டிலிருந்து தமிழ்நாட்டு அலுவலகத்துக்கு வந்தால் 'மௌரௌகேன்' என்று படிப்பார்கள். அப்படிப் படிக்கப்பட்ட மனிதர்கள் வரிசையில் நின்று, 'அது நான்தான்' என்று வாதாடியதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். பணிப் பதிவேட்டில் ஒரு பெயர் திருத்த எத்தனை கடிதம், எத்தனை சுருக்கொப்பம்! இந்தப் பையன் யாரிடமும் அனுமதி கேட்காமல் உலகக் கிரிக்கெட்டுக்கே பெயர்த் திருத்த ஆணை போட்டுக்கொண்டிருந்தான்.

இதற்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்று பொருள். விளையாட்டின் படங்களெல்லாம் 'பிக்' என்று முடியும் பெரிய கோப்புகளுக்குள் மூட்டை மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும். அந்த மூட்டையை அவிழ்க்கவும் மறுபடி கட்டவும் ஒரு சிறு மென்பொருள் வேண்டும். அதையும் ரசிகர்களே எழுதினார்கள். உள்ளே ஆட்டக்காரரின் சட்டை, தையல்காரர் வெட்டிப்போட்ட துணி மாதிரித் தட்டையான படமாக இருக்கும். அதில் நிறம் மாற்றி, முத்திரை ஒட்டி, திரும்ப உள்ளே வைத்தால், திரையில் ஓடுகிறவரின் உடம்பில் அது சுற்றிக்கொள்ளும். முகமும் அப்படியே. ஆட்டக்காரர் பட்டியல் வேறு கோப்பு. பெயர், வலது கையா இடது கையா, மட்டை பிடிக்கும் திறமைக்கு ஓர் எண், பந்து வீச்சுக்கு ஓர் எண். அந்த எண்ணை வைத்துத்தான் கணினி அவரை ஆட்டும்.

அந்த எண்ணை யார் தீர்மானிப்பது? அதுதான் சண்டை. பத்ரிநாத்துக்கு எவ்வளவு போடுவது என்று எங்கள் பையனுக்கும் இணையத்தில் இருந்த ஒரு வட இந்தியப் பையனுக்கும் ஒரு வாரம் வாக்குவாதம் நடந்தது. நம்மவன் ஊர்ப் பாசத்தில் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்பது குற்றச்சாட்டு. எனக்கு ஆட்டம் தெரியாது. ஆனால் கோப்பைப் பார்த்துச் சொன்னேன், 'நீ போட்ட எண்ணுக்கு ஆதாரம் என்ன, அதைக் குறிப்பில் எழுது' என்று. அவன் ரஞ்சிக் கோப்பைக் கணக்குகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். எதிராளி வாயை மூடிக்கொண்டான்.

இதெல்லாம் திடீரென்று முளைத்தது அல்ல. நம் பிள்ளைகள் தொண்ணூறுகளில் ஆடிய புக் கிரிக்கெட் நினைவிருக்கிறதா? பாடப் புத்தகத்தைப் புரட்டி, பக்க எண்ணின் கடைசி இலக்கம் எத்தனையோ அத்தனை ஓட்டம். சுழி வந்தால் அவுட். என் மகனின் சரித்திர நோட்டில் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை உலகக் கோப்பையே நடந்திருக்கிறது. கோடு போட்டுக் கட்டம் கட்டிய ஸ்கோர் அட்டைகள். இன்னும் பின்னால் போனால், கல்கி 1954-ல் பொன்னியின் செல்வனை முடித்தபோது மனம் ஆறாத வாசகர்கள் எத்தனை பேர்! அந்தக் கதைமாந்தரை எடுத்துக்கொண்டு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். படித்தவர் பேனாவை எடுப்பது நமக்குப் புதிதில்லை. புதிதாக வந்தது என்னவென்றால், இங்கே பேனா பிடித்தவர் தனி ஆள் அல்ல. ஒருவன் சட்டை செய்வான், ஒருவன் மைதானம் செய்வான், ஒருவன் முகம் மட்டும் செய்வான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

வெளிநாட்டில் இது முன்னமே தொடங்கிவிட்டது. 1993 டிசம்பரில் வந்த 'டூம்' என்ற சுடும் விளையாட்டில், படங்களையும் மைதான வரைபடங்களையும் தனிக் கோப்பில் வைத்தார்கள். ஆடுகிறவர்கள் மாற்றிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். 1999-ல் கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லீ என்ற மாணவரும் அமெரிக்காவின் ஜெஸ் கிளிஃபும் சேர்ந்து 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டை மாற்றி 'கவுன்டர் ஸ்ட்ரைக்' ஆக்கினார்கள். மூல விளையாட்டின் சொந்தக்காரரான வால்வ் நிறுவனம் அடுத்த ஆண்டே அதை விலைக்கு வாங்கி, செய்தவர்களுக்கும் வேலை கொடுத்தது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஆடியது அந்த ரசிகர்கள் செய்த விளையாட்டைத்தான்.

ஆனால் கிரிக்கெட் 07 கதை வேறு. அங்கே வாங்கிக்கொள்ளச் சொந்தக்காரர் வரவில்லை. எதிர்பாராத வேலை ஒன்றும் வந்து சேர்ந்தது. விளையாட்டு வெளிவந்து ஒன்றரை வருடத்தில், 2008 ஏப்ரல் 18-ஆம் தேதி, ஐபிஎல் தொடங்கியது. எட்டு அணி. எட்டு அணிக்கும் சட்டை, தொப்பி, பட்டியல் எல்லாம் புதிதாகச் செய்தாக வேண்டும். செய்து முடித்தால் அடுத்த வருடம் ஏலம், ஆள் மாற்றம். 2011-ல் கொச்சியும் புனேயும் சேர்ந்து பத்து அணி. கொச்சி ஒரே வருடத்தில் போய்விட்டது. டெக்கான் சார்ஜர்ஸ் போய் 2013-ல் சன்ரைசர்ஸ். 2016, 2017 இரண்டு வருடமும் சென்னையும் ராஜஸ்தானும் விலக்கிவைப்பு. 2018-ல் திரும்பி வந்தன. டெல்லி பெயர் மாறியது, பஞ்சாப் பெயர் மாறியது. 2022-ல் குஜராத்தும் லக்னோவும் புதிதாக வந்தன; அதே வருடம் சென்னைக்குத் தோனி தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்து, பாதியிலேயே திரும்ப வாங்கிக்கொண்டார். 1993-ல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தபோது முத்திரை, கடிதத் தலைப்பு, கோப்பு எண் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எனக்கு நினைவு வந்தது. எங்களுக்கு அது ஒரு தடவை. இவர்களுக்கு வருடா வருடம்.

ஏன் புது விளையாட்டுக்குப் போகாமல் பழையதையே கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று கேட்டேன். பழைய விளையாட்டுத்தான் பழைய கணினியில் ஓடும் என்றான். யோசித்தால் அதுதான் உண்மைக் காரணம். நம் நடுத்தரக் குடும்பங்களில் கணினி வாங்கினால் பத்து வருடத்துக்கு அதுவே. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அந்தச் சிறிய கணினியிலும் கிரிக்கெட் 07 தடையில்லாமல் ஓடும் என்று சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பென் டிரைவோடு இவனைத் தேடி வந்தார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருடங்களில் தமிழ்நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. கரண்ட் எடுத்துக் கொடுக்கும் ஊர் என்பதால் நகரியத்துக்குள் அந்தத் தொல்லை குறைவு. திருச்சியில் இருந்த கூட்டாளி பாதி வேலையில் இருட்டில் உட்கார்ந்திருக்க, இவன் முடித்து அனுப்பிவிடுவான். பழுப்பு நிலக்கரி இந்தக் கலைக்கும் உதவியிருக்கிறது.

இதில் ஒழுங்கற்ற பக்கமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பையன்களிடம் இருந்த மூல விளையாட்டு பெரும்பாலும் நகல் குறுந்தகடு. அரசு ஊழியனாக இருந்த எனக்கு அது உறுத்தியது. அப்போது மிஷெல் த செர்த்தோ நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுக்காரர், இயேசு சபைத் துறவி. 1980-ல் எழுதிய புத்தகத்தில் வாசிப்பை 'பிரகோனாஜ்' என்கிறார். அடுத்தவன் காட்டுக்குள் புகுந்து திருட்டு வேட்டை ஆடுவதற்கு அந்தச் சொல். வாசகன் தான் எழுதாத நிலத்தில் அலைந்து, தனக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்கிறான் என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் ஹென்றி ஜென்கின்ஸ் 1992-ல் அந்தச் சொல்லை எடுத்து ரசிகர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். சரி, வேட்டைக்காரன்தான். ஆனால் ஜமீன்தார் காட்டை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகி, வேட்டைக்கு வந்தவனே செடி நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

பையன்களுக்குள் சட்டம் கடுமையாக இருந்தது என்பதையும் பார்த்தேன். ஒருவன் செய்த முகத்தை இன்னொருவன் கேட்காமல் எடுத்துத் தன் பேட்சில் சேர்த்தால் கூட்டமே அவனை ஒதுக்கிவைக்கும். ஒவ்வொரு பேட்சுடனும் ஒரு குறிப்புக் கோப்பு உண்டு. எந்தப் பகுதி யாருடையது என்று அதில் எழுதியாக வேண்டும். பெரிய நிறுவனத்தின் பொருளில் தாராளம், கூட்டாளியின் பொருளில் கறார். நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களிடம் ஒரு நெறி இருந்தது.

2014-ல் ஆஸ்திரேலியாவின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் 'டான் பிராட்மேன் கிரிக்கெட் 14' வெளியிட்டபோது கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார்கள். ஆட்டக்காரர்களையும் அணிகளையும் உருவாக்கும் கருவியை விளையாட்டுக்கு முன்பாகவே ரசிகர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். உரிமம் இல்லாத அணிகளையெல்லாம் ரசிகர்கள் செய்து பகிர்ந்துகொண்டார்கள். மூட்டையைத் திருட்டுத்தனமாக அவிழ்க்க வேண்டியதில்லை, கதவே திறந்திருந்தது. நல்லதுதான். ஆனாலும் கம்பெனி செய்ய வேண்டிய வேலையை ஓவர்டைம்கூட இல்லாமல் ரசிகன் செய்து கொடுத்தான் என்றுதான் எனக்குப் பட்டது. யூலியன் க்யூக்லிஷ் என்ற ஆய்வாளர் 2005-லேயே விளையாட்டையும் உழைப்பையும் ஒட்டி ஒரு சொல் செய்து, இப்படிப்பட்ட வேலையைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கிறார். ஷிப்டுக் கணக்கு எழுதும் ஊரில் இருப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எளிதில் விளங்கும். பையனிடம் சொன்னேன். "காசு குடுத்தா அப்புறம் அவங்க சொல்றதத்தான செய்யணும் தாத்தா" என்றான். பதில் வரவில்லை எனக்கு. பிரெஞ்சில் 'அமத்தேர்' என்ற சொல்லுக்கு முதல் பொருள் நேசிப்பவன் என்பதுதான். கற்றுக்குட்டி என்ற பொருள் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

பிளஸ் டூ தேர்வுக்கு முந்தைய பொங்கல் சமயம் வீட்டில் பெரிய தகராறு. தகப்பனார் கணினியின் ஒயரைப் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து, நிரந்தரமாவதற்குப் பல வருடம் காத்திருந்த மனிதர். பையனாவது படித்து மேலே போக வேண்டும் என்ற பயம் அவருக்கு. அதைக் குறை சொல்ல முடியாது. பையன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, "அப்பாவ ஒரே ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்க தாத்தா" என்றான். நைட் ஷிப்டு முடித்து வந்தவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒயரை மாட்டினார்.

அவன் செய்திருந்தது ஐபிஎல் அல்ல. எங்கள் வட்டத்து டென்னிஸ் பந்து அணியை முழுக்க உள்ளே வைத்திருந்தான். பதினோரு பேர், எல்லோரும் நமக்குத் தெரிந்தவர்கள்; பால்காரர் மகன், பேருந்து நிலையத்துச் செருப்புக் கடைக்காரர், என் மருமகன். தொடக்க ஆட்டக்காரர் இவனுடைய அப்பா. ஒரு காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கான போட்டிகளில் ஆடியவராம். எனக்கே அன்றுதான் தெரியும். திரையில் பெயர் எழுத்துப் பிசகாமல் வந்தது. எதிர் அணி ஆஸ்திரேலியா. மனிதர் நின்றபடியே பார்த்தார். தான் நான்கு ஓட்டம் அடிப்பதைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. பிறகு, "நான் லெஃப்ட் ஹேண்டுடா" என்றார்.

பையனுக்கு முகம் செத்துவிட்டது. அவன் பிறந்த பிறகு அவர் மட்டையைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. "ஒரு நம்பர் மாத்தினா போதும்ப்பா, ரெண்டு நிமிஷம்" என்றான். மாற்றும்வரை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஒயரைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் போனார். தேர்வு முடிகிறவரை தரவில்லை. பையன் சுமாரான மதிப்பெண் வாங்கினான். கடலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பொறியியல் படித்தான். இப்போது பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு மென்பொருள் பார்க்கிறான். விளையாட்டுக் கம்பெனி வேலைக்கு முயன்றான், கிடைக்கவில்லை.

இப்போது தமிழர்களே விளையாட்டு செய்து உலகப் பெயர் வாங்குகிறார்கள். டொரன்டோவில் விசை கேம்ஸ் செய்த 'வெண்பா' 2023 ஜூலையில் வந்தது. 1988-ல் கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் களம். கிழிந்தும் அழிந்தும் போன சமையல் குறிப்பேட்டில் விட்டுப்போன வரிகளை ஆடுகிறவர் ஊகித்து நிரப்ப வேண்டும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. பேரன் காட்டினான், இட்லித் தட்டு அடுக்கும் இடத்தில் என் மனைவி இரண்டு திருத்தம் சொன்னாள்.

பாஃப்டா வாங்கியதைப் பற்றி இனி எழுதிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கவலை மற்றதைப் பற்றி. அந்தப் பையன்களின் கோப்புகளெல்லாம் இலவசமாக இடம் கொடுத்த வெளிநாட்டுக் கிடங்குகளில் இருந்தன. கிடங்கு மூடினால் கோப்பும் போயிற்று. எங்கள் பையனின் முதல் இரண்டு பேட்சுகள் அப்படித்தான் போயின. வீட்டுக் கணினியும் பழுதாகி எடைக்குப் போட்டாயிற்று. நாற்பது வருடத்துக்கு முந்தைய நடப்புக் கோப்பைக்கூட ஆவணக் காப்பறையில் தேடி எடுத்துவிடலாம். இவை பதினைந்து வருடம்கூடத் தாங்கவில்லை.

கல்லூரிக்குப் போகும்போது அவன் என்னிடம் கொடுத்த ஒரு குறுந்தகடு மட்டும் ஓய்வூதியப் புத்தகத்தோடு அலமாரியில் இருக்கிறது. போன மாதம் பேரன் ஒரு டிரைவ் கொண்டுவந்து அதைத் திறந்தான். மூல விளையாட்டு இல்லாததால் எதுவும் ஓடவில்லை. குறிப்புக் கோப்பு மட்டும் திறந்தது. உதவியவர்கள் என்று பதினான்கு புனைபெயர்கள். ஊர் போட்டிருந்தவர்களில் கராச்சி இரண்டு, கண்டி ஒன்று, நாக்பூர் ஒன்று. யார் செய்த சட்டை, யார் செய்த முகம் என்று வரிசையாக எழுதியிருந்தான். அடியில்: வெளியீடு இரண்டு. திருத்தம் ஒன்று. தொடக்க ஆட்டக்காரர், இடது கை.